பாட்டரி ரம்பமும் மாதுவின் இடது காலும்

786

ஷார்ஜா
3-2-1989

அன்புள்ள மாது அண்ணாவுக்கு கவுஸ் பாஷா எழுதுவது. நான் நலம். அங்கே எல்லாரும் நலம் என்று அம்மா போன வாரம்தான் எழுதினார்கள். அதனால் அதைக் கேட்டு இடத்தை வீணாக்கவில்லை.

இந்தக் கடிதத்தை தருமபுரி நூர் பாஷாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கேம்ப்பில் என் பக்கத்துக் கட்டில்காரர், லீவில் வருகிறார். கஸ்டம்ஸில் பிடுங்காமல் விட்டால் ஒரு நீலப் பெட்டியும் தருவார். உள்ளே இருப்பது பாட்டரியில் ஓடும் கைரம்பம். பிளேடு கோழி கொத்துகிற மாதிரி முன்னும் பின்னும் போய்வரும். ஒயர் கிடையாது. ஷெட்டுக்குக் கரண்ட் லைன் கேட்டு அப்பா எழுதிப் போட்டது அப்பா போய் மூன்று வருஷமாகியும் வரவில்லை, இனியும் வராது. பாட்டரியை எங்கள் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்லியாயிற்று.

அப்பாவுக்குப் பிறகு தக்காளிப் பெட்டி ஷெட்டை நீங்கள் ஒற்றை ஆளாக இழுக்கிறீர்கள். பலகைக்காகப் பழைய பாக்கிங் பெட்டிகளைப் பிரிக்கவே பாதி நாள் போகிறது. கடப்பாரையால் நெம்பினால் பலகை பிளந்து அடுப்புக்குத்தான் ஆகிறது. இந்த ரம்பம் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் நுழைந்து ஆணியை அறுத்துவிடும். பலகை முழுசாகக் கைக்கு வரும்.

இனி கவனமாகப் படியுங்கள். பதினெட்டு வருஷம் மரம் அறுத்தவனுக்கு ஐ.டி.ஐ. படித்த பையன் பாடம் எடுக்கிறானா என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொன்னபடி செய்யுங்கள்.

முதலாவது, ஒயர் இல்லை, ஷாக் அடிக்காது, ஆகவே பொம்மை என்று நினைக்க வேண்டாம். ஒயர் உள்ள மெஷினில் பிளக்கைப் பிடுங்கினால் செத்துவிடும். இதில் உயிர் உள்ளேயே இருக்கிறது. பிளேடு மாற்றும்போது பாட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மாற்றுங்கள். ஒரு நிமிஷ வேலைதானே என்று அப்படியே மாற்றினால், விரல் சுவிட்சில் பட்டால் போதும்.

பிளேடு வெளியே வரும் இடத்தில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். முன்தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பலகையில் ஒட்டி அழுந்தியிருக்க வேண்டும், அறுத்து முடிகிறவரை. இடைவெளி விட்டால் பிளேடு மரத்தைக் கவ்விக்கொண்டு மெஷினே துள்ளும். பலகைக்கு அந்தப் பக்கம் பிளேடு எவ்வளவு நீளுகிறது என்று முதலில் பாருங்கள். அங்கே சுவர், கல், கை எதுவும் இருக்கக் கூடாது. சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு ஓடி அடங்கட்டும், அப்புறம் வெளியே எடுங்கள். அறுத்த பிளேடு சுடும். ஆணிக்குச் சின்னப் பல், வெறும் மரத்துக்குப் பெரிய பல். லுங்கியை மடித்துக் கட்டுங்கள், துண்டு தோளில் வேண்டாம். கண்ணாடி வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்ளாமல் ஆணி அறுக்கக் கூடாது. பாட்டரியை ஆணி டப்பாவுக்குள் போடாதீர்கள். இரண்டு முனையையும் ஆணி தொட்டால் நெருப்பு. அறுக்கும் மரத்தை மேசையில் பூட்டிய இரும்புக் கவ்வியில், அதாவது வைஸில், இறுக்கிக்கொண்டு வேலை செய்யவும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியே செய்யுங்கள்.

படித்ததும் பதில் போடுங்கள். குள்ளம்மாள் அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கவுஸ்


உ

பாலக்கோடு
24-2-89

அன்புத் தம்பி கவுஸுக்கு மாது எழுதிக்கொண்டது. பெட்டி வந்து பத்து நாளாகிறது. வேலை சரியாக இருந்ததால் உடனே எழுத முடியவில்லை, கோபப்படாதே. கோபப்பட்டுவிட்டுத்தான் இதைப் பிரித்திருப்பாய்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நூர் பாஷாவும் எதிரில் உட்கார்ந்து ஒரு முறை படித்துக் காட்டினார். முதல் நாள் வேடிக்கை பார்க்க மார்க்கெட் பாதிக்கு மேல் வந்துவிட்டது. தக்காளி கொண்டுவந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டு இங்கேயே நின்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். டீக்கடை பச்சியப்பன் பார்த்துவிட்டு, "என்னங்க மாது, தருமபுரி போயி கண்ணுல சதை எடுத்துட்டு வந்துட்டீங்களா? பச்சத் துணியக் காணோமே" என்றார். அன்று முழுக்க அதே பேச்சு. இருந்தாலும் கழற்றவில்லை.

குள்ளம்மாளுக்குச் சத்தம் பிடிக்கவில்லை. "இத வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க, ஷெட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் மத்தியானம் சோறு கொண்டுவந்தவள் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன், அதையும் சொல்கிறேன்.

ஆணி வெண்ணெய் மாதிரி அறுபடுகிறது. ஒரு நாளைக்கு ஆறு பெட்டி பிரித்த இடத்தில் இப்போது பதினெட்டு, இருபது. பலகை ஒன்றுகூடப் பிளக்கவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் தூக்கிப் பார்த்து, கனமில்லையே என்று குறை சொல்லியிருப்பார்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் நம்மிடம் இல்லை. மற்றதெல்லாம் எழுதியபடியே செய்கிறேன். அதைப் பற்றிப் பிறகு விவரமாக எழுது.

மாது


786

ஷார்ஜா
7-3-1989

மாது அண்ணாவுக்கு,

இருபது பெட்டி என்பது குறைவு. நான் கணக்குப் போட்டேன். ஒரு பெட்டிக்கு இருபத்து நாலு ஆணி, ஓர் ஆணிக்குப் பத்து நொடி, தூக்கி வைத்து அடுக்குவதோடு பெட்டிக்குக் கால் மணி. நீங்கள் பாதி நேரம் வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முப்பது வர வேண்டும். மார்ச், ஏப்ரலில் தக்காளி வரத்து இன்னும் கூடும்.

பாட்டரி சுடச்சுட இருக்கும்போதே சார்ஜரில் மாட்டுகிறீர்கள் என்று அம்மா எழுதியிருக்கிறார்கள். ஆறவிட்டு மாட்டுங்கள். அவசரத்துக்கு அது பிள்ளை பெறாது. பச்சியப்பன் சிரிக்கட்டும். கண் அவருடையது இல்லை.

அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிகிறது. இனி மெஷினில் எது நடந்தாலும் நீங்களே உடனே எழுதுங்கள்.

கவுஸ்


உ

தருமபுரி
19-3-89

தம்பி கவுஸுக்கு,

உடனே எழுதச் சொன்னாய். ஐந்து நாளாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷின் என் இடது காலில் பட்டுவிட்டது. பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை. தருமபுரியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உன் கடிதம் நேற்று இங்கே வந்தது.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்து உன் வீட்டில் வைத்தாயிற்று.

மாது


786

ஷார்ஜா
30-3-1989

மாது அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. வேலையில் நான்கு நாளாகக் கை ஓடவில்லை.

எப்படி நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத் தெரிந்தவருக்கு அது எழுத வராதா? இந்த மாதிரி மெஷின் எங்கள் சைட்டில் பன்னிரண்டு ஓடுகிறது. மூன்று வருஷத்தில் ஒருவருக்கும் நகம்கூடப் போகவில்லை. சொன்னதைச் செய்தால் போகாது.

பிளேடு மாற்றும்போதா? பாட்டரியைக் கழற்றினீர்களா இல்லையா? முன்தட்டு பலகையில் அழுந்தியிருந்ததா? அந்தப் பக்கம் பிளேடு நீளுவதைப் பார்த்தீர்களா? வைஸில் மாட்டச் சொல்லியிருந்தேன், மாட்டினீர்களா? லுங்கி சிக்கியதா? யாரோடாவது பேசிக்கொண்டே அறுத்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். நான் எழுதாமல் விட்டது என்ன என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நான் வாங்கி அனுப்பிய பொருள். அம்மா என்னைக் கேட்கிறார்கள். அண்ணி அம்மாவிடம் பேசுவதில்லையாம். என்ன பதில் சொல்ல?

காலுக்கு டாக்டர் என்ன சொல்கிறார்?

கவுஸ்


உ

பாலக்கோடு
10-4-89

தம்பி கவுஸுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற பஸ்ஸில் தருமபுரி போகிறோம். குள்ளம்மாள் காலைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள், பஸ் குலுங்கினால் படாமலிருக்க.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். பிளேடு மாற்றும்போது இல்லை. முன்தட்டு அழுந்தித்தான் இருந்தது. லுங்கி மடித்துக் கட்டியிருந்தேன். யாருடனும் பேசவில்லை. கண்ணாடி போட்டிருந்தேன். அந்தப் பக்கம் பிளேடு நீளும் இடத்தைப் பார்த்தேன். சுவர் இல்லை, கல் இல்லை, கை இல்லை. நீ எழுதிய மூன்றும் இல்லை. கால் இருந்தது.

காலால்தான் பிடித்திருந்தேன், வேறு எதால் பிடிப்பேன்? ஐந்து வயதிலிருந்து அந்த ஷெட்டில் என் எதிரில் உட்கார்ந்திருந்தவன் நீ. தரையில் உட்கார்ந்து, இடது உள்ளங்காலால் பலகையை மிதித்து, பெருவிரலையும் அடுத்ததையும் அந்தப் பக்க விளிம்பில் மடக்கிப் போட்டு அறுப்பேன். உன் அப்பாவும் அப்படித்தான். வைஸ் என்று எழுதியிருந்தாய். நம் ஷெட்டில் வைஸ் எங்கே இருக்கிறது? மேசையே இல்லை. ஒன்று நம்மிடம் இல்லை என்று எழுதினேன், நீ முப்பது பெட்டி என்று பதில் போட்டாய்.

பழைய கைரம்பத்தில் அறுத்தால் ரம்பம் எங்கே வருகிறது என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். அந்த அசைவு மரத்தில் வந்துகொண்டே இருக்கும். கிட்டே வந்தால் விரல் தானாக நகர்ந்துகொள்ளும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உன் மெஷினில் பலகை முழுக்க ஒரே நடுக்கம். ஒரு மணி நேரம் அறுத்தால் முழங்கால்வரை மரத்துப்போகும். அன்றைக்கு இருபத்தைந்தாவது பெட்டி. பட்டது எனக்குத் தெரியவில்லை. தூள் நிறம் மாறி வந்தது. பிரிக்கிற பெட்டியில் ஏதோ சாயம் இருந்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அறுத்தேன்.

காலைப் பற்றிக் கேட்டாய். தையல் போட்ட இடத்துக்கு மேல் தோல் கருத்திருக்கிறது. வாடை வருகிறது. போன சனிக்கிழமை டாக்டர் ஊசியை எடுத்துப் பாதத்தின் மேலே அங்கங்கே குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். உணர்வு இருந்தால் மருந்தில் பொறுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பாதத்தில் முன்பாதியை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் அதற்கும் மேலே போகும் என்றார். தெரியுதுங்க என்றேன்.

தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. எதிரில் குள்ளம்மாள் நின்றிருந்தாள். ஊசி இறங்கும்போதெல்லாம் அவள் முகம் சுளித்தது. அதைப் பார்த்து, தெரியுதுங்க, தெரியுதுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் நம்பிவிட்டார்.

இரண்டு விரல் இல்லாமல் எப்படியாவது பெட்டி அடித்துவிடுவேன். பாதம் போனால் தரையில் உட்கார்ந்து எழவே ஆள் வேண்டும். அதனால் சொல்லவில்லை. குள்ளம்மாளுக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ தூரத்தில் இருக்கிறாய், அதனால் உனக்கு எழுத முடிகிறது. உன்னோடு இருக்கட்டும்.

மாது


786

ஷார்ஜா
20-4-1989

மாது அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் பன்னிரண்டரைக்குக் கிடைத்தது. இரண்டு மணிக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். உங்கள் பேருக்கு இல்லை, அண்ணி பேருக்கு. உங்கள் பேருக்குக் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வீர்கள். பாதத்தில் உணர்வு இல்லை, டாக்டரிடம் உடனே சொல்லவும் என்று கொடுத்தேன். இந்தக் கடிதம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்னோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதிப் பத்து நாளாகிவிட்டது, அதற்கு முன்னால் எத்தனை நாள் என்று தெரியாது. அப்படியே விட்டால் கால் முழுக்கப் போகும். ஆளே போகலாம். அதனால் சொல்லிவிட்டேன்.

இப்போது நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. மறைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காலைப் பற்றி நான் மறந்துபோய் எழுதாமல் விடவில்லை.

இங்கே வந்த முதல் வாரம் சைட்டில் ஒரு பிளைவுட் துண்டை அறுக்கச் சொன்னார்கள். மேசை காலியில்லை. நான் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து காலால் பிடித்தேன். அப்பாவும் நீங்களும் பிடிக்கிற மாதிரி. ஃபோர்மேன் பார்த்தார். திட்டவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மாடியில் இருந்தவர்களையெல்லாம் கீழே கூப்பிட்டார். குரங்குக்கு நாலு கை, வந்து பாருங்கள் என்று இந்தியில் சொன்னார். என்னை அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லி எல்லாரும் பார்த்தார்கள். நான்கு மாதம் எனக்கு அதுதான் பேர். தமிழ்க்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பூட்ஸைக் கழற்றக் கூடாது, மேசையில்தான் அறுக்க வேண்டும் என்று அன்றைக்குப் பழகினேன். அதனால்தான் என் கால் இருக்கிறது.

பிப்ரவரியில் உங்களுக்கு எழுதிய கடிதத்தில், வைஸ் என்ற வரிக்கு அடுத்து, காலால் பிடிக்க வேண்டாம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. நூர் பாஷா வேறு படித்துக் காட்டுவார், நாலு பேர் இருப்பார்கள். அந்த வரியை அடித்தேன். அடித்தது தெரியக் கூடாது என்று முழுக் கடிதத்தையும் வேறு தாளில் எழுதினேன். ஷெட்டில் வைஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் இருக்கிற படத்தில் ஒருவன் மேசைக்கு முன்னால் பூட்ஸ் போட்டு நிற்கிறான். மெஷின் வந்தால் நீங்களும் அந்த மாதிரி ஆகிவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைக்காமல் இருந்தேன்.

ஒன்று இல்லை என்று நீங்கள் எழுதியபோதும் எது என்று எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. போன மாதம் உங்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டேனே, அதை எழுதும்போதே பதில் தெரியும். வேறு ஏதாவது காரணம் வந்துவிடாதா என்றுதான் கேட்டேன்.

மன்னிப்பு என்று எழுதி இடத்தை அடைக்க விரும்பவில்லை. நோன்பு மாதம், பொய் எழுதக் கூடாது. டாக்டர் எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொல்லுங்கள்.

கவுஸ்


உ

பாலக்கோடு
12-5-89

தம்பி கவுஸுக்கு,

உன் தந்தி மறுநாள் வெள்ளிக்கிழமை வந்தது. வெளிநாட்டுத் தந்தி என்று போஸ்ட் ஆபீஸ் ஆள் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே தெருவில் சத்தம் போய்விட்டது. இங்கே தந்தி எதற்கு வரும் என்று உனக்குத் தெரியாதா? பிரிக்கும் முன்பே குள்ளம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஓடிப்போய் உன் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் உனக்காக அழுதுகொண்டிருந்தார்கள். நானும்தான்.

தங்கம்மாள் டீச்சர் வந்து இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னார். மாதுவின் பாதத்தில் உணர்வு இல்லை, டாக்டரிடம் உடனே சொல்லவும், கவுஸ். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்கள், படித்தார். உன் அம்மா, "எம் பையன் உசுரோட இருக்கான்" என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தார்கள். அழுத பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தார்கள். அத்தனை பேரும். காலை இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், கட்டோடு நுழையவில்லை.

நீ ஃபோர்மேனைப் பற்றி எழுதியதைப் பிறகு படித்தபோது இந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

பச்சியப்பன் யாரையோ கேட்டு ஒரு கார் கொண்டுவந்தார். கார் தருமபுரி ரோட்டு வளைவைத் தாண்டியது. அப்புறம் குள்ளம்மாள் கேட்டாள், "நான் மூஞ்சி சுளிச்சப்பதான் தெரியுதுன்னு சொன்னீங்களா?" ஆமாம் என்றேன். "எம் மூஞ்சிய வெச்சே என்னை ஏமாத்தியிருக்கீங்க." பன்னிரண்டு நாள் பேசவில்லை. கட்டு மாற்ற உதவினாள், சோறு போட்டாள், பேசவில்லை.

டாக்டர் ஊசியை எடுத்தார். குள்ளம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தெரியலைங்க என்றேன். சனிக்கிழமை காலை முன்பாதம் முழுக்க எடுத்துவிட்டார்கள். குதிகாலும் அதற்கு முன்னால் கொஞ்சமும் இருக்கிறது. இன்னும் நான்கு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் நின்றிருக்காது, அதுவும் உயிர் இருந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எழுத வேண்டியதை நீ எழுதவில்லை. எழுதக் கூடாது என்று சொன்னதைத் தெருவுக்கே கேட்கும்படி எழுதினாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கோபம் வருகிறதா என்று பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. அந்தக் கால் இருந்த மாதிரியே இருக்கிறது.

குரங்கு என்று நீ எழுதியிருந்தால் சிரித்திருப்பேன் தம்பி. சிரித்துவிட்டு, பலகையைப் பிடிக்கத் தரையில் இரண்டு கட்டை அடித்திருப்பேன்.

ரம்ஜானுக்கு உன் அம்மா பிரியாணி கொடுத்தனுப்பினார்கள். குள்ளம்மாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவளே போனாள். போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். வரும்போது கையில் நீலப் பெட்டி.

கிணற்றில் போடச் சொல்லியிருந்தாய், சொன்னேன். "கெணத்துக்கு எதுக்குங்க? அது என்ன பண்ணுச்சு?" என்றாள். ஷெட்டில் இரண்டு முளைக்குச்சியைத் தரையில் ஆழமாக அடித்திருக்கிறாள். பெட்டியை அதற்கு நடுவில் நிறுத்தி ஆப்பு வைத்து இறுக்குகிறாள். இரண்டு காலும் தரையில் ஊன்றி, குனிந்து நின்று அறுக்கிறாள். உன் முதல் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வைஸ் என்ற இடம் வந்ததும், அதுதான் இந்த முளைக்குச்சி என்று அவளே சொல்லிக்கொண்டாள். இப்போது நாளைக்கு எட்டுப் பெட்டி பிரிக்கிறாள். நான் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஆணியை நிமிர்த்துகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஆணியில் படும்போது அவள் கையில் மெஷின் துள்ளுகிறது. எனக்கு இவ்வளவு துள்ளியதில்லை. பிளேடு போய்விட்டதா, பிடிப்பு சரியில்லையா என்று தெரியவில்லை. நேற்று இரண்டு முறை கையை விட்டுப் போகப் பார்த்தது. நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. எழுது.

தந்திக்கு நன்றி என்று போடச் சொல்கிறாள் குள்ளம்மாள். நான் போடவில்லை.

மாது


786

ஷார்ஜா
23-5-1989

மாது அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றி போடாதது சரிதான்.

துள்ளுவதற்கு நான்கு காரணம் இருக்கலாம். எது என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. அதனால் சில விஷயம் கேட்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுங்கள். முளைக்குச்சி தரைக்கு மேல் எத்தனை அங்குலம்? அண்ணி குனியும்போது மெஷின் அவருடைய முழங்காலுக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? முன்தட்டு பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, அல்லது குனிந்த வாக்கில் கீழ்முனை தூக்கிக்கொள்கிறதா? ஒரு தாளை நடுவில் விட்டுப் பாருங்கள், நுழையக் கூடாது. இடது கை எங்கே இருக்கிறது? மெஷினின் முன்கழுத்திலா, பெட்டியின் மேலா? பிளேடில் பல் உடைந்திருக்கிறதா? நகத்தால் தடவிப் பாருங்கள், பாட்டரியைக் கழற்றிவிட்டு. ஆப்பு எவ்வளவு நேரத்தில் தளர்கிறது? சேலை முந்தானையை எங்கே செருகுகிறார்? செருப்பு போடுகிறாரா? போடாவிட்டால் கால் இரண்டும் பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம், உங்கள் சாணால் அளந்து எழுதுங்கள். களைத்தால் எந்தக் காலை எடுத்து எதன்மேல் வைக்கிறார்? களைத்தால் எல்லாரும் எதன்மேலாவது வைப்பார்கள்.

பதில் வரும்வரை அவர் அறுக்க வேண்டாம். சொன்னால் கேட்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டரி எங்கள் வீட்டில்தான் சார்ஜ் ஆகிறது. என் அடுத்த கடிதம் வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அண்ணி என்மேல் கோபப்படட்டும்.

இது முழுக்கத் தெரியாமல் ஒரு வரியும் எழுத மாட்டேன்.

கவுஸ்